சூரை மீன் துண்டு: ஏர் ஃப்ரையரா, இரும்புக் கல்லா?

ஏர் ஃப்ரையர் வாங்கிய வீட்டில் முதல் ஒரு மாதம் கையில் கிடைப்பதெல்லாம் அதற்குள் போகும். உருளைக்கிழங்கு, அப்பளம், கோழி என்று ஓடி, ஒருநாள் மீனில் வந்து நிற்கும். மத்தியோ அயிலையோ போட்டவர்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிடுவார்கள். சூரையைப் போட்டவர்கள்தான் புலம்புவார்கள்: வெளியே நிறமே ஏறவில்லை, உள்ளே தொண்டையில் இறங்காத அளவுக்கு உலர்ந்துவிட்டது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துண்டின் நடுப்பகுதி சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இரும்புக் கல்தான். ஏர் ஃப்ரையரால் அந்த வேலை ஆகாது. மசாலா தடவி, முழுதாக வெந்த சூரைத் துண்டு போதும் என்பவருக்கு ஏர் ஃப்ரையர் தாராளமாகப் போதும், சில விஷயங்களில் கல்லைவிட வசதியும்கூட. நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் தேவைப்படுகிறது. ஏன் என்பதற்கு மீனிலிருந்து தொடங்க வேண்டும்.

சூரை என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே மீன் இல்லை. சந்தையில் சின்னதாக, உருண்டையாகக் கிடப்பது எலிச்சூரை. வயிற்றில் நீளவாக்கில் கோடு போட்டது வரிச்சூரை. தடிமனான, எலும்பில்லாத துண்டு போடும் அளவுக்குச் சதை உள்ளது மஞ்சள் துடுப்புச் சூரை. தெற்கே கேரை என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்துப் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து பிடித்து வருவது இந்த வகை மீன்களைத்தான். எலிச்சூரையைக் குழம்புக்கு விட்டுவிடுங்கள். இங்கே பேசப்போவது கேரையைப் பற்றி.

இந்த மீன் நீந்துவதை நிறுத்தவே நிறுத்தாது. நிறுத்தினால் செவுளுக்குள் தண்ணீர் ஓடாது, மூச்சு முட்டும். அந்த ஓயாத உழைப்புக்குத் தேவையான ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மையோகுளோபின் சதையில் ஏராளம் இருப்பதால்தான் அது மாட்டிறைச்சி போலச் சிவந்திருக்கிறது. 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 24 கிராம். கொழுப்பு 1 கிராம் இருந்தால் அதிகம். பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. வஞ்சிரத்தில் கொஞ்சம் எண்ணெய்ப்பசை உண்டு, ஒரு நிமிடம் கூடுதலாகக் கல்லில் கிடந்தாலும் தாங்கிக்கொள்ளும். வஞ்சிரத்தை வறுத்துப் பழகிய கை அதே கணக்கில் சூரையை வறுத்தால் மரக்கட்டைதான் கிடைக்கும். அப்புறம் ‘சூரை ருசியில்லாத மீன்’ என்று பெயர் வைத்துவிடுவோம்.

உள்வெப்பம் 45 டிகிரியைத் தொடும்வரை நடுச்சதை சிவப்பாக, வழுவழுப்பாகவே இருக்கும். 50 முதல் 55 டிகிரிக்குள் இளஞ்சிவப்பாகி, கெட்டிப்பட்டு, ஈரமும் இருக்கும். 60 தாண்டினால் நார்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளத் தொடங்கும். 70ல் கதை முடிந்தது. சின்ன இடைவெளிதான். எந்தக் கருவி இந்த இடைவெளிக்குள் நிற்க விடுகிறது, எது துண்டை விர்ரென்று தாண்டிக் கொண்டுபோய்விடுகிறது என்பதுதான் ஒப்பீடே.

காற்றும் இரும்பும்

ஏர் ஃப்ரையரில் பொரிப்பது என்று ஒன்று நடப்பதில்லை. 2010ல் பிலிப்ஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே இருப்பது மேலே ஒரு சூடேற்றும் கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி. சின்னப் பெட்டிக்குள் வேகமாகச் சுழலும் சூடான காற்றில் பொருள் வேகிறது.

காற்று சூட்டைக் கடத்துவதில் சோம்பேறி. 200 டிகிரி அடுப்புக்குள் ஒரு நொடி கையை விட்டு எடுக்கலாம்; அதே 200 டிகிரியில் இருக்கும் தோசைக்கல்லை ஒரு நொடி தொட்டுப் பார்க்க முடியுமா? அந்த வித்தியாசம்தான் மீனுக்கும். மேற்புறம் பழுப்பாகி வாசனை வர வேண்டுமானால் அங்கே ஈரம் முழுக்க வற்றி, சூடு 140 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். ஈரம் இருக்கும்வரை மேற்புறம் 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. பழுக்கக் காய்ந்த இரும்பு அந்த ஈரத்தைச் சில நொடிகளில் விரட்டிவிடும். சுழலும் காற்றுக்குப் பல நிமிடம் பிடிக்கும். அந்தப் பல நிமிடத்தில் ஓர் அங்குலத் துண்டின் நடுப்பகுதி 60ஐக் கடந்துவிடுகிறது. வெளியே நிறம் வேண்டும் என்று காத்திருந்தால் உள்ளே போயிற்று. உள்ளே சரியாக இருக்கும்போது எடுத்தால் வெளியே சாம்பல் நிறத்தில் அவித்த மீன் போல இருக்கும். மசாலா இல்லாமல் உப்பும் மிளகும் மட்டும் போட்டு ஏர் ஃப்ரையரில் வைத்த சூரைத் துண்டைப் பார்க்கவே பரிதாபமாக இருக்கும்.

கூடைக்குள் ஒரு சின்ன இரும்புத் தட்டை வைத்துக் காயவிட்டு அதன்மேல் மீனை வைப்பவர்கள் உண்டு. கொஞ்சம் உதவும். ஆனால் அந்தத் தட்டும் 200 டிகிரியில்தான் நிற்கும், குளிர்ந்த மீன் பட்டதும் இறங்கிவிடும். அடுப்பில் உள்ள கனமான வார்ப்பிரும்புக் கல் 250ஐ எளிதாகத் தாண்டும், கீழே தீயும் தொடர்ந்து எரியும்.

கல்லில் செய்யும் முறை மிகச் சுருக்கமானது. மீனைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்து, எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் மீனின் மேல் தடவுங்கள். கல் லேசாகப் புகையும் அளவுக்குக் காய்ந்த பிறகு ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம், மறுபக்கம் ஒன்றரை நிமிடம். நடுவில் தொடாதீர்கள். பக்கவாட்டில் பார்த்தால் கீழிருந்து ஒரு சாம்பல் பட்டை மேலேறுவது தெரியும். அது அரை சென்டிமீட்டரை நெருங்கும்போது திருப்ப வேண்டும். மேலும் கீழும் பட்டை, நடுவில் செம்மை. உடனே கல்லிலிருந்து எடுத்துவிட வேண்டும். தீயை அணைத்துவிட்டு அதிலேயே விட்டால் இரும்பில் மிச்சமிருக்கும் சூடே மீதியை முடித்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் சுத்திகரித்த கடலை எண்ணெய் நல்லது, 230 டிகிரி வரை தாங்கும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அதற்கு முன்பே கருகிக் கசக்கும். நான்-ஸ்டிக் கல்லை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறுங்கல்லை முழுத்தீயில் காயவிட்டால் அந்தச் சூட்டை எட்ட வெகுநேரம் ஆகாது. வீட்டில் நான்-ஸ்டிக் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஒப்பீடு அங்கேயே முடிந்தது, ஏர் ஃப்ரையரில் செய்யுங்கள்.

சிவப்பு நடுப்பகுதியை நம்பலாமா?

இங்கே சமையலைவிட முக்கியமான ஒரு விஷயம் குறுக்கே வருகிறது. மீன் எங்கிருந்து வந்தது?

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மீனுக்குச் சொல்லும் உள்வெப்பம் 63 டிகிரி. அதே நாட்டில் பச்சையாகப் பரிமாறும் மீன்களை ஒட்டுண்ணிகள் சாகும்படி உறைய வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது; மஞ்சள் துடுப்புச் சூரை உள்ளிட்ட சில சூரை வகைகளுக்கு அதிலிருந்து விலக்கு. புழு பயம் இந்த மீனில் குறைவு என்று அர்த்தம். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு.

சூரைச் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்த மீனை உடனே குளிர்விக்காமல் வெயிலில் போட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும். அதைச் சாப்பிட்டால் சில நிமிடங்களிலோ ஒன்றிரண்டு மணி நேரத்திலோ முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரித்து, நெஞ்சு படபடக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்று பலர் நினைப்பது சில சமயம் இதைத்தான். ஒருமுறை உருவான ஹிஸ்டமின் வேகவைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. கல்லும் ஏர் ஃப்ரையரும் இந்த விஷயத்தில் ஒன்றுதான், இரண்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. வாயில் வைத்ததும் நாக்கில் மிளகு கடித்தது போலச் சுரீரென்றால், துப்பிவிட்டுத் தட்டைத் தள்ளி வையுங்கள்.

ஆகவே ஐஸ் இல்லாமல் தட்டில் கிடக்கும் சூரையை எந்த முறையிலும் சமைக்க வேண்டாம். ஐஸில் இருந்தாலும் எத்தனை கை மாறியது, எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாத மீனின் நடுப்பகுதியைச் சிவப்பாக விடுவதற்கும் எனக்கு மனம் வராது. கிருமி விஷயத்தில் முழுதாக வேகவைப்பது கொஞ்சம் காவல். கர்ப்பிணிகள், குழந்தைகள், உடல்நிலை சரியில்லாதவர்கள் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தால், கல்லின் பெரிய பலமான ‘வெளியே மொறுமொறு, உள்ளே சிவப்பு’ பல வீடுகளில் உபயோகப்படாமலே போகிறது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சிவப்பு நடுப்பகுதியைப் பார்த்ததுமே ‘மீன் வேகவே இல்லையே’ என்று திரும்ப அடுக்களைக்கு அனுப்பிவிடுவார்கள், அதையும் கணக்கில் சேருங்கள்.

முழுதாக வேகவைக்கப் போகிறோம் என்று முடிவானதும் ஏர் ஃப்ரையரின் தரம் உயர்கிறது. கல்லில் 63 டிகிரிவரை கொண்டுபோனால் வெளிப்புறம் வெகுவாக உலர்ந்துபோயிருக்கும், ஏனென்றால் சூடு கீழிருந்து மட்டும் அடித்துத் தள்ளுகிறது. காற்று மெதுவாக, எல்லாப் பக்கமும் சூடேற்றுவதால் ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் குறைவு. நிறம் ஏற்றுவதில் குறையாக இருந்த காற்றின் நிதானம் இங்கே உதவுகிறது. பழுப்பு நிறம் வராத குறையை மசாலா மூடிவிடும்.

ஏர் ஃப்ரையருக்கு மசாலா

ஏர் ஃப்ரையர் மீனில் அடிக்கடி கேட்கும் இன்னொரு குறை: மசாலா பச்சை வாசனை அடிக்கிறது. கல்லில் மிளகாய்த்தூள் எண்ணெயில் பொரிகிறது. இங்கே எண்ணெயே இல்லாமல் காற்றில் காய்கிறது. அரை கிலோ மீனுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெயைச் சின்னக் கரண்டியில் சூடாக்கி, அடுப்பை அணைத்து, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகு, சோம்புத்தூளை அதில் கொட்டிக் கலக்குங்கள். வாசனை மேலே வந்ததும் இஞ்சி பூண்டு விழுது, உப்பு, ஒரு தேக்கரண்டி அரிசி மாவு. கெட்டியான விழுதாக இருக்க வேண்டும், ஒழுகக் கூடாது. ஒழுகினால் மீன் வேகும், மசாலா ஒட்டாது. எண்ணெயே இல்லாமல் சமைக்கத்தானே இந்தக் கருவி என்று கேட்பீர்கள். சூரையில் கொழுப்பு இல்லை, நாம்தான் கொடுக்க வேண்டும். ஆழமாகப் பொரிப்பதோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம்தான்.

எலுமிச்சையோ புளியோ ஊறவைக்கும்போது வேண்டாம். புளிப்பில் சூரைச் சதை வெளுத்து மாவு மாவாகிவிடும். பரிமாறும்போது பிழிந்துகொள்ளலாம். மாவை மேலே தூவினால் விசிறி அதை ஊதிவிடும், ஆகவே விழுதிலேயே கலக்க வேண்டும். கறிவேப்பிலை இன்னும் மோசம்: காய்ந்ததும் எழும்பிப் பறந்து மேலே உள்ள கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும், அந்தப் புகைவாடை மீனில் ஏறும். இலையை மீனுக்கு அடியில் வையுங்கள், அல்லது விழுதோடு அரைத்துவிடுங்கள்.

கருவியை 200 டிகிரியில் ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, கூடையில் எண்ணெய் தடவி, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கவும். இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுக்கு ஏழெட்டு நிமிடம், இடையில் ஒருமுறை திருப்பினால் போதும். அரை அங்குலத் துண்டுக்கு ஐந்து நிமிடம், திருப்பவே தேவையில்லை. கருவிக்குக் கருவி இது மாறும் என்பதால், குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது உத்தமம். 60 காட்டும்போது வெளியே எடுத்துவிடுங்கள். தட்டில் இருக்கும் இரண்டு நிமிடத்தில் மிச்சம் மூன்று டிகிரி தானே ஏறும். வெப்பமானி இல்லாதவர்கள் தடிமனான இடத்தில் முள்கரண்டியைக் குத்தி லேசாகத் திருகிப் பாருங்கள். சதை அடுக்கடுக்காகப் பிரிந்து, நடுவில் இளஞ்சிவப்பு ஒரு கோடாக மட்டும் தெரிந்தால் அதுதான் நேரம். ‘இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்’ என்ற பழக்கத்தை இந்த ஒரு மீனில் கைவிட வேண்டும்.

தடிமன் விஷயம் மீன் வெட்டுமிடத்திலேயே முடிவாகிறது. காசிமேட்டிலோ பக்கத்துச் சந்தையிலோ அருவாமனையோடு உட்கார்ந்திருக்கும் அக்கா கேட்பது ஒரே கேள்விதான்: ‘வறுக்கவா, குழம்புக்கா?’ வறுக்க என்று சொன்னால் நடுமுள்ளோடு அரை அங்குலத் துண்டுகள் வரும். அது ஏர் ஃப்ரையருக்குச் சரி, சிவப்பு நடுப்பகுதிக்கு உதவாது. அவ்வளவு மெல்லிய துண்டைக் கல்லில் போட்டால் நிறம் ஏறுவதற்குள் முழுக்க வெந்துவிடும். கல்லில் செய்ய நினைப்பவர் ‘முள்ளை எடுத்துட்டு, சதையைப் பாளமா எடுத்துக் கொடுங்கக்கா, ரெண்டு விரல் கனத்துக்கு வெட்டுங்க’ என்று சொல்ல வேண்டும். சூரையில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பாளம் வரும். ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஓடும் ரத்தச்சதையைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். கல்லிலோ ஏர் ஃப்ரையரிலோ அது இரும்பு வாடை அடிக்கும். புளி ஊற்றிய குழம்பில் அதே சதை பிரமாதமாக இருக்கும்.

உறைய வைத்த பாக்கெட் மீன் வாங்கினால், காற்றுப் புகாத உறையைக் கிழித்துவிட்டுப் பிறகு குளிர்சாதனப் பெட்டியில் உருகவிடுங்கள். காற்றில்லாத உறைக்குள்ளேயே உருகினால் சில ஆபத்தான பாக்டீரியாக்களுக்கு அது வசதி. உறைந்த துண்டை அப்படியே ஏர் ஃப்ரையரில் போடலாம் என்று சொல்வார்கள். உருளைக்கிழங்குக்கு அது சரி. சூரையில் ஓரம் காய்ந்தபின்பும் நடுவில் பனி இருக்கும். கல்லில் மட்டும் பாதி உறைந்த நிலை ஒரு தந்திரமாக உதவும். ஒன்றரை சென்டிமீட்டர் மெல்லிய துண்டுதான் கிடைத்தது என்றால், முக்கால்வாசி உருகியதும் நன்றாக ஒற்றியெடுத்துக் கல்லில் போட்டால், வெளியே நிறம் ஏறும்வரை நடுப்பகுதி குளிர்ச்சியாகவே இருக்கும்.

மின்சாரச் செலவைப் பற்றிச் சிலர் ரொம்பக் கவலைப்படுகிறார்கள். 1500 வாட் கருவி முழுவேகத்தில் 12 நிமிடம் ஓடினாலும் 0.3 யூனிட்தான், அதை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. புகை வேறு விஷயம். காய்ந்த இரும்பில் மீன் போட்டால் புகைபோக்கி இல்லாத அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்கும் செய்தி போய்விடும், சைவ வீட்டுக்காரர் எதிர்வீட்டில் இருந்தால் இன்னும் சங்கடம். ஏர் ஃப்ரையர் இதில் சந்தேகமில்லாமல் மேல். கொழுப்பு இல்லாத மீன் என்பதால் கூடைக்கடியில் சொட்டிப் புகைவதும் இல்லை. ஆளெண்ணிக்கை கூடினால் நிலைமை மாறுகிறது. நான்கு லிட்டர் கூடையில் மூன்று துண்டுக்கு மேல் அடுக்கினால் காற்று ஓடாது. ஐந்து பேர் வீட்டில் இரண்டு சுற்று போட வேண்டும், முதல் சுற்று ஆறிப்போகும். அங்கே ஓடிஜி என்கிற மின்சார அவனின் தட்டுதான் வசதி. மேல்கம்பியை மட்டும் எரியவிட்டு அதே மசாலா முறையில் செய்யலாம், நேரம் இரண்டு மூன்று நிமிடம் கூடும். கரி அடுப்பு இருக்கிறவர்கள் இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் படித்திருக்க வேண்டியதே இல்லை. ஜப்பானில் கோச்சிப் பக்கம் வரிச்சூரையை வைக்கோல் தீயில் மேலாகச் சுட்டெடுப்பதும் அந்தக் கடுஞ்சூட்டுக்காகத்தான்.

வீட்டில் இரண்டுமே இல்லை, சூரைக்காக ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு: கனமான வார்ப்பிரும்புக் கல்லை வாங்குங்கள். விலை குறைவு, மறுநாள் தோசைக்கும் ஆகும். ஏர் ஃப்ரையரை மீனுக்காகவே வாங்குகிறவர் மத்தி, அயிலையை நினைத்து வாங்கட்டும். அவற்றின் தோலும் கொழுப்பும் தானே எண்ணெய் விட்டு மொறுமொறுப்பாகும், கணக்கு பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

நேரம் தவறி உலர்ந்துபோன சூரையைத் தூக்கிப் போட வேண்டாம். உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு தாளித்து, சுறாப்புட்டு செய்கிற மாதிரியே புட்டு செய்யலாம். புட்டுக்கு உலர்ந்த சதைதான் உதிரியாக வரும். தேங்காய் எண்ணெய் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுங்கள்.